உண்ணாமலையின் முன்பற்கள்

உண்ணாமலைக்குச் சிரிப்பு வந்தால் அடக்கத் தெரியாது. திருவண்ணாமலையில் ஒரு வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்ட் வேலை. கீழ்பென்னாத்தூரில் பஸ் ஏறினால் இறங்கும்வரை முன்சீட்டில் அவள் சத்தம்தான். கண்டக்டர் முருகையன் வாயைப் பிடுங்குவதில் கெட்டிக்காரன். "வக்கீலம்மா, இன்னிக்கு யாரை உள்ள தள்ளப் போறீங்க?" என்று தினமும் ஏதாவது கேட்பான். அந்தச் சிரிப்புக்காகத்தான் கேட்கிறான் என்பது பஸ்ஸில் தூங்குகிறவர்களுக்குக்கூடத் தெரியும். அவளுக்கும் தெரியும். பிடித்தும் இருந்தது.

1977இல், இருபத்திரண்டு வயதில், மேல்வரிசை முன்பற்கள் இரண்டும் ஆடத் தொடங்கின.

சொத்தை இல்லை, வலியும் இல்லை. வலித்திருந்தாலாவது யாராவது கவனித்திருப்பார்கள். வீட்டில் எல்லோருக்கும் சிவப்புப் பல்பொடிதான். விரலால் தேய்த்துத் துப்பினால் தரையே சிவக்கும். அதில் பொடி எவ்வளவு, ரத்தம் எவ்வளவு என்று யார் கண்டது? ஒருமுறை ஆசைப்பட்டு வெள்ளைப் பேஸ்டும் பிரஷ்ஷும் வாங்கி வந்தாள். துப்பிய நுரையில் ரத்தத்தைப் பார்த்து அம்மா சந்திரம்மாள் அலறிவிட்டாள்.

"அந்த பிரஷ்ஷு ஈறக் கிழிச்சிடுச்சுடி! தூக்கிப் போடு. நம்ம பொடியில என்னிக்காச்சும் ரத்தம் வந்திச்சா?"

பிரஷ் குப்பைக்குப் போனது. உண்மையைச் சொல்ல வந்த ஒரே ஒரு சாட்சியை அம்மாவும் மகளுமாகச் சேர்ந்து துரத்திவிட்டு, பழையபடி சிவப்புப் பொடிக்கே திரும்பினார்கள்.

பல் நன்றாக ஆடத் தொடங்கியபோது வாயில் ஒரு வாடையும் சேர்ந்துகொண்டது. உண்ணாமலை சிரிப்பதை விட்டாள். பிறகு பேசுவதையும் விட்டாள். பஸ்ஸில் சில்லறையை நீட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். "வாய்க்குப் பூட்டு போட்டுட்டாங்களா வக்கீலம்மா?" என்று முருகையன் கேட்டுப் பார்த்தான். முந்தானைதான் வாய்க்கு ஏறியது. நாளடைவில் அவனும் கேலியை நிறுத்திக்கொண்டான். அவன் கேட்டதற்கெல்லாம் அவளிடம் பதில் இருந்தது. வீட்டுக் கண்ணாடி முன்னால் நின்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்ப்பாள். கண்ணாடிக்கு வாடை தெரியாதே.

டாக்டரிடம் போகலாம் என்றால், "மேல்பல்லப் புடுங்குனா கண்ணு பூடும்" என்று அம்மா தடுத்தாள். டைப் அடிக்கிறவளுக்குக் கண் போனால் சோறு ஏது? அந்தப் பயத்திலேயே காலம் ஓடியது. 1979இல் அம்மாவுக்குச் சொல்லாமல் டவுனில் இருந்த ஒரு பல் டாக்டரிடம் போய் உட்கார்ந்தாள்.

"பல்லுல ஒரு குறையும் இல்லம்மா. அதைப் புடிச்சிட்டு இருக்கிற ஈறும் எலும்பும்தான் கரைஞ்சு போச்சு. ரத்தம் வந்திருக்குமே, பார்க்கலையா?"

"செகப்புப் பொடிங்க டாக்டர். தெரியல."

டாக்டர் நாற்காலியைச் சாய்த்தார். இரண்டு பற்களையும் எடுத்துவிட்டு, பஞ்சை வைத்துக் கடிக்கச் சொன்னார். மற்ற பற்களை இனிமேலாவது காப்பாற்றலாம், புண் ஆறினதும் பல்செட் கட்டிக்கொள்ளலாம், இப்போதைக்கு வாயைத் திறக்கவே கூடாது என்று சொல்லி அனுப்பினார்.

அன்று ஊர் திரும்பிய பஸ்ஸில் கூட்டம் இல்லை. முருகையன் நேராக அவள் பக்கம் வந்தான். டிக்கெட் கொடுத்த பிறகும் நகரவில்லை.

"ஏங்க, போளூர்ல பொண்ணு பாத்திருக்காங்க எங்க வூட்ல. நான் இன்னும் சரின்னு சொல்லல. உங்க மனசுல ஏதாச்சும் இருந்தா ஒரு வார்த்த சொல்லிடுங்க. இருக்குதா?"

அவள் எத்தனை நாள் காத்திருந்த கேள்வி! வாய் நிறைய ரத்தமும் பஞ்சும். தலையாட்டியிருக்கலாம்தான். ஆனால் முன்னால் பல் இல்லாததை மறைத்து ஒருவனுக்குச் சம்மதம் சொல்வது ஏமாற்று என்று அந்த நேரத்தில் அவளுக்குத் தோன்றியது. எல்லாவற்றையும் வாயால் சொல்ல வேண்டும், கொஞ்சம் பொறுத்துக்கொள் என்று சொல்வதற்காகக் கையை உயர்த்தி ஆட்டினாள்.

வேண்டாம் என்பதற்கும் எல்லோரும் அப்படித்தான் கையை ஆட்டுவார்கள்.

"சரிங்க, தப்பா எடுத்துக்காதீங்க" என்று சொல்லிவிட்டு அவன் பின்பக்கம் போய்விட்டான். வாய் ஆறி அவள் மறுபடி பஸ் ஏறியபோது அதே வழியில் வேறு கண்டக்டர். முருகையன் வேலூர் பஸ்ஸுக்கு மாறிவிட்டான் என்றும், போளூரில் வெற்றிலை பாக்கு மாற்றியாகிவிட்டது என்றும் அந்த ஆளே சொன்னான்.

பல்செட் அழகாகத்தான் அமைந்தது. பெண் பார்க்க வந்தவர்களிடம், "முன்பல்லு ரெண்டும் கட்டினது" என்று அவளே முந்திக்கொண்டு சொல்லிவிடுவாள். சிலர் தயங்கினார்கள், சிலர் போய்ச் சொல்லியனுப்புவதாகச் சொன்னார்கள், எதுவும் கூடிவரவில்லை. அவளுக்கு அதில் வருத்தம் இல்லை. வருத்தம் எல்லாம் ஒரே ஓர் ஆளைப் பற்றியதுதான். அவனைப் பார்க்க வேண்டும் என்ற ஏக்கம் வருஷங்கள் போயும் குறையவில்லை.

1986இல், வேலூர் போகும் பஸ்ஸில் ஏறினாள். டிக்கெட் கேட்டவன் முருகையன். தலையில் லேசாக நரை. "நல்லா இருக்கீங்களா?" என்றான்.

"இருக்கேங்க. அன்னிக்கு நான் வேணாம்னு சொல்லல. பல்லப் புடுங்கி வாயில பஞ்சு வச்சிருந்தாங்க. கொஞ்சம் பொறுங்கன்னுதான் கையாட்டினேன்."

ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். முருகையன் கம்பியைப் பிடித்தபடி அப்படியே நின்றான். பின்னால் யாரோ டிக்கெட் கேட்டார்கள். அவன் திரும்பவில்லை.

"ரெண்டு பொண்ணுங்க எனக்கு" என்றான் கடைசியில்.

"கேள்விப்பட்டேன். இன்னொரு தரம் கேட்டிருக்கலாமேங்க."

"கேட்டிருக்கலாம்" என்றான் அவன்.