கிணற்று மேட்டில் வராத வார்த்தை

பிரியமானவர்களே, நான் பேச்சில் கெட்டிக்காரன் இல்லை என்பது காரமடைப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். "தெத்துவாயன்" என்றால்தான் என்னை அடையாளம் சொல்லுவார்கள். அதனால் என் சாட்சியை எழுதிக் கொடுக்கிறேன்.

முப்பத்து நாலாம் வருஷம் சித்திரை மாதம். மழை இல்லை. தோட்டத்துக்காரர் ஒருவர் தம் கிணற்றை ஆழப்படுத்த எங்களைக் கூப்பிட்டார். என் மனைவி மார்த்தாளின் அண்ணன் யோசேப்பு உள்ளே இறங்கிப் பாறை உடைத்தார். நான் மேட்டில் நின்று கல் கூடையை இழுத்துக் கொட்டினேன். மேலே நிற்கிறவனுக்கு இன்னொரு வேலையும் உண்டு. கல் ஏதாவது சரிந்தால், "கல்லு!" என்று கூவ வேண்டும். கைவலு இருக்கிறதே என்று என்னை நிறுத்தினார்கள். வாயைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை, நானும்தான்.

மூன்றாம் நாள் உச்சி வெயிலில் கூடை சுவரில் இடித்து ஒரு கல் நழுவியது. நான் பார்த்தேன். வாயைத் திறந்தேன். முதல் எழுத்திலேயே தொண்டை பூட்டிக்கொண்டது. "ஏய்" என்று கத்தியிருந்தால் போதும். வெறுமனே ஊளையிட்டிருந்தாலும் போதும். ஆனால் எனக்கு அந்த ஒரு சொல்லைத்தான் சொல்லத் தோன்றியது. அதோடு மல்லுக்கட்டிக்கொண்டே நின்றேன். கல் யோசேப்பின் காலில் விழுந்தது.

அவரைக் கோயம்புத்தூருக்கு வண்டியில் கொண்டுபோனோம். மிஷன் ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள். "கல்லு சரிஞ்சதை நீ பாக்கலையா?" என்று தோட்டத்துக்காரர் கேட்டார். பார்க்கவில்லை என்று தலையாட்டினேன். பொய் சொல்ல மட்டும் எனக்குத் திக்கவே இல்லை.

அதன் பிறகு எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. அழுகை வரவில்லை. தட்டில் வைத்ததைத் தின்றேன். மார்த்தாள் அழுதால் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். கோயிலில் முழங்காலில் நின்றாலும் மனசு மரக்கட்டையாகக் கிடந்தது. "ஆண்டவரே, இதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் கொடும்" என்பது ஒன்றுதான் என் ஜெபம். அதையும் பக்தியோடு கேட்டேன் என்று சொல்லமாட்டேன்.

சிறுவயதிலிருந்து என் நாக்கில் தேய்க்காத வசம்பு இல்லை. வல்லாரையும் தின்றேன், டவுனிலிருந்து வந்த சீசா மருந்தும் குடித்தேன். வயிறுதான் கெட்டது. யோசேப்புக்குக் கட்டுப் பிரிக்கப் போன ஒரு நாள், அங்கிருந்த டாக்டரம்மாள் என் திக்கலைக் கவனித்து வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்.

"நாக்கில் பழுதில்லை. இதற்கு என்னிடம் மருந்தும் இல்லை. கோயிலில் எல்லோரோடும் சேர்ந்து ஜெபம் சொல்லும்போது திக்குகிறதா?"

யோசித்துப் பார்த்தேன். திக்குவதில்லை.

"அப்படியானால் தினமும் ஒருவரோடு சேர்ந்து சொல்லிப் பழகு. மூச்சை மெதுவாக விட்டுக்கொண்டே பேச்சைத் தொடங்கு. மாட்டிக்கொண்டால் முண்டாதே, நின்று திரும்பத் தொடங்கு" என்றார்.

யாரோடு சொல்வது? எங்கள் வீட்டில் படுத்திருந்த யோசேப்பே கூப்பிட்டார். "என்ற கூடச் சொல்லுங்க மாப்ளே. எனக்கு இப்ப வேற என்ன சோலி?"

எந்த வாய் அவர் காலை வாங்கியதோ அதற்கு அவரே துணை. எனக்கு அப்போதும் வெட்கம்கூட வரவில்லை, போய் உட்கார்ந்தேன்.

தினமும் காலையில் பரமண்டல ஜெபத்தைச் சேர்ந்து சொன்னோம். சில வாரம் போனதும் அவர் தம் குரலைத் தணித்துக்கொண்டே வந்தார். ஒரு நாள் ஆமென் சொன்ன பிறகுதான் தெரிந்தது, பாதிக்கு மேல் நான் தனியாகச் சொல்லியிருக்கிறேன். அது தெரிந்ததும் மறுநாள் முதல் வரியிலேயே மாட்டிக்கொண்டேன். "உங்க கூட ஒரு ஜெபம் முடிக்கறதுக்குள்ள என்ற கஞ்சி ஆறிப் போவுதுங்க" என்று சிரித்தார். ஆனாலும் ஒருநாளும் எனக்காக வார்த்தையை எடுத்துக் கொடுக்கவில்லை. காத்திருப்பார்.

பிறகு ஜெபத்தை விட்டுச் சொந்தப் பேச்சுக்கு வந்தோம். முன்பு பத்து இடத்தில் நின்றவன் மூன்று இடத்தில் நின்றேன். கடையில் நாலு பேர் முன்னால் உப்புக் கேட்கப் போனால் பழையபடிதான். அதை மறைத்தால் இந்தச் சாட்சிக்கே மதிப்பில்லை.

ஐப்பசியில் யோசேப்பு கட்டையை ஊன்றி நடந்தார். "நாளைக்கு நான் எங்க ஊட்டுக்குப் போறனுங்க" என்றார். இன்று விட்டால் சொல்லவே மாட்டேன் என்று எனக்குத் தெரிந்தது. மூச்சை விட்டேன்.

"மச்சான், அன்னைக்கு க... க..." நின்றேன். திரும்பத் தொடங்கினேன். "கல்லு சரிஞ்சதை நான் பாத்தனுங்க. கூவ முடியலைங்க. பாக்கலைன்னு பொய் சொல்லிப்போட்டேன்."

அவர் கட்டையைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தார்.

"தெரியுமுங்க மாப்ளே. நான் அப்ப மேல பாத்தேன். உங்க வாய் தொறந்திருந்துச்சு."

"பொறவு ஏனுங்க ஒண்ணுமே கேக்கலை?"

"நான் கேட்டா நீங்க தலையாட்டிப் போட்டுப் போயிருவீங்க. நீங்களாச் சொல்லோணும்னுதானுங்க இத்தனை மாசமா நான் ஜெபம் பண்ணுனேன்."

ஒரே வீட்டில் இரண்டு பேர் ஒரே காரியத்துக்காக ஜெபித்திருக்கிறோம். அப்போதும் எனக்கு அழுகை வரவில்லை. அவருடைய வெட்டுப்பட்ட காலின் மேல் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதுவரை அதைத் தொட எனக்குத் துணிவு இருந்ததில்லை. மரத்துப்போன மனசு உடனே சரியாகிவிடவில்லை. மெள்ள மெள்ளத்தான் வந்தது.

ஆண்டவர் என் திக்கலை எடுத்துப்போடவில்லை. நான் சொல்ல வேண்டியதைச் சொல்லுகிற வரைக்கும் என் பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்தார். அதற்காக அவருக்கு ஸ்தோத்திரம் சொல்லுகிறேன். இப்போது மனசு மரக்கட்டையாக இல்லை, முழு மனசோடு சொல்லுகிறேன்.

உங்களில் யாருக்காவது வாய் பூட்டிக்கொண்டால், ஆண்டவரை நம்பி எங்களிடம் வாருங்கள். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் யோசேப்பும் நானும் கோயில் வாசலில் இருப்போம். உங்களோடு சேர்ந்து சொல்லுவோம். நீங்கள் எந்த எழுத்தில் நின்றாலும் நாங்கள் முந்திக்கொள்ளமாட்டோம்.