இரண்டு கம்ப்யூட்டருக்கும் நம்பர் ஒன்று

போன செவ்வாய்க்கிழமை காலை. காப்பி பாதிகூடக் குடிக்கவில்லை, ஸ்டெல்லா வந்து என் மேசை முன்னால் நின்றாள்.

அவள் எங்கள் சிங்கப்பூர் ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் குவீன்ஸ்டவுன் பெண். அங்கேயே கம்ப்யூட்டரைக் கவனிப்பது என் வேலை.

“அக்கா, எழுபது வயசு தாத்தாவுக்கு கர்ப்பம்னு ஸ்கிரீன்ல வருது.”

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

“லெட்சுமினு ஒரு பேஷண்ட். இன்னிக்கு ஆபரேஷன். டெஸ்ட் கார்டுல ஓ பாசிட்டிவ். ஸ்கிரீன்ல ஏபி.”

“கார்டுல தப்பா எழுதியிருப்பாங்க.”

“எழுதினது நான்தான்க்கா. ரெண்டு தடவ டெஸ்ட் பண்ணேன்.”

முந்தின நாள் சாயங்காலம் புதுக் கம்ப்யூட்டரை இணைத்தவள் நான்தானே?

பழையதும் புதியதும் ஒரே டிஸ்க்கில் எழுத வேண்டும். மோதிக்கொள்ளாமல் இருக்க ஆளுக்கொரு நம்பர் உண்டு. எழுத வருவது முதலில் தன் நம்பரை டிஸ்க்கில் போட்டுவைக்கும். வேறு நம்பரைப் பார்த்தால் மற்றது காத்திருக்கும்.

நான் என்ன செய்தேன்? நேரம் மிச்சமாகுமே என்று பழையதன் செட்டிங்கை அப்படியே புதியதற்குக் காப்பி அடித்தேன். நம்பரோடு சேர்த்து. இப்போது இரண்டுமே ‘ஒன்று’. ஒன்று எழுதும்போது மற்றது வந்து பார்க்கிறது... அட, நம்ம நம்பர்தானே என்று அதே இடத்தில் எழுதிவிடுகிறது. ஒருவர் பெயருக்குக் கீழே இன்னொருவர் ரத்தம்.

ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் நாம் முகத்தைப் பார்த்துச் சமாளிக்கிறோம். கம்ப்யூட்டருக்கு முகம் ஏது?

இரண்டையும் நிறுத்தினேன். ஸ்டெல்லா வார்டுக்குப் போன் போட்டாள்.

“சிஸ்டர், லெட்சுமிக்கு ரத்தம் ஏத்தாதீங்க. கம்ப்யூட்டர் தப்பு.”

“ரத்தப் பை ஆபரேஷன் தியேட்டருக்குள்ள போயிடுச்சு லா. இருங்க, பாக்குறேன்.”

நர்ஸ் ஓடும் செருப்புச் சத்தம் ரிசீவரில் கேட்டது. ஸ்டெல்லா கழுத்துச் சிலுவையைப் பிடித்துக்கொண்டாள். எனக்குப் பிடித்துக்கொள்ள மேசை விளிம்புதான் கிடைத்தது.

எத்தனை நிமிஷம் என்று தெரியாது.

“ஏத்தல,” என்றது குரல். “டாக்டர் ஃபைல்ல இருந்த கார்டு காப்பியையும் பையையும் வெச்சுப் பாத்திருக்கார். ஒத்துவரலன்னு திருப்பிட்டார்.”

இரண்டு பேரும் மேலதிகாரியிடம் போய் நடந்ததைச் சொன்னோம்.

“புது மெஷினை யார் இணைச்சது?” என்று கேட்டார்.

“நான்தான் சார். நம்பரை மாத்தாம விட்டுட்டேன்.”

அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். “மொதல்ல நம்பரை மாத்துங்க. அப்புறம் ஒவ்வொரு பேரையும் கார்டோட ஒப்பிட்டுப் பாருங்க,” என்றார்.

புதியது ‘இரண்டு’ ஆனது. ஸ்டெல்லா கார்டுகளைப் படிக்க, நான் தட்டச்சு செய்தேன். முடிக்க மூன்று நாள் பிடித்தது.

சனிக்கிழமை வார்டுக்குப் போனேன். லெட்சுமி அம்மா கட்டிலில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். புக்கிட் மேராவில் வீடு, இரண்டு பிள்ளைகள்.

“யாரும்மா நீங்க?”

“லேப்ல வேலை பாக்குறேன். உங்களைப் பாத்துட்டுப் போகலாம்னு...”

“இவ்வளவு அக்கறையா வந்து பாக்குறீங்களே,” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. தலையணைப் பக்கத்தில் தமிழ்ப் பத்திரிகை, வாசகர்கள் எழுதும் இந்தப் பக்கம் மேலே தெரியும்படி மடித்து வைக்கப்பட்டிருந்தது.

அம்மா, லெட்சுமி என்பது உங்கள் பெயரில்லை, மாற்றியிருக்கிறேன். ஆனாலும் படித்ததும் தெரிந்திருக்கும்... அந்தத் தப்பைச் செய்தது நான்தான், மன்னித்துக்கொள்ளுங்கள்.