எழுந்திருக்க வேண்டாம் என்றேன்

காலை பதினொன்று இருபதுக்கு என் மகளின் கையிலிருந்து டீ டம்ளர் நழுவியது. ஈஜிபுராவில் எங்கள் வாடகை வீட்டின் முன்னறையில், லேப்டாப்பின் முன் அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். மீட்டிங் நடந்துகொண்டிருந்தது. மைக்கை அணைத்துவிட்டு, தலையைத் திருப்பாமலேயே சொன்னாள்:

"அப்பா, கழுத்து திரும்பல. வலது கை விரல் மரத்துப் போச்சு."

"லீவ் சொல்லிடும்மா."

"பத்து நிமிஷம்பா. அடுத்தது நான்தான் பேசணும்."

அந்தப் பத்து நிமிடமும் சிந்திய டீயை நான் துடைத்துக்கொண்டிருந்தேன்.

கழுத்தில் நரம்பு அழுந்தியிருக்கிறது என்றார் டாக்டர். மாதக்கணக்கில் எழாமல், திரையை நோக்கிக் குனிந்தே உட்கார்ந்ததால் வந்ததாம். விரலில் உணர்வு முழுதாகத் திரும்புமா என்று கேட்டேன். "பார்ப்போம்" என்றார்.

என் அப்பா கோலார் தங்கவயல் சுரங்கத்தில் முதுகைத் தொலைத்தவர். நாற்காலியில் உட்கார்ந்து செய்யும் வேலையும் உடம்பைக் கெடுக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. மகள் வீட்டிலிருந்து வேலை செய்யத் தொடங்கியதும், அவள் கைக்கெட்டும் இடத்தில் ஃபிளாஸ்க்கும் தண்ணீர் பாட்டிலும் வைத்தேன். ஒரு மணிக்குத் தட்டில் சோறு போய்விடும். சார்ஜரைக்கூட நானே செருகுவேன். "நீ எழுந்திருக்காதம்மா" என்பேன்.

"ஹோட்டல் சர்வர் தோத்தாரு. டிப்ஸ் மட்டும் கேக்காதீங்க" என்று சிரிப்பாள்.

காலையில் உட்கார்ந்தால் மாலைவரை எழ வேண்டியதில்லை. அதில் எனக்குப் பெருமை வேறு.

இப்போது அவள் சட்டைப் பொத்தானை அவள் அம்மா போட்டுவிடுகிறாள். அந்த நேரத்தில் நான் பால்கனிக்குப் போய்விடுகிறேன். ஓர் இரவு தூங்கும் மகளின் விரலை மெல்லக் கிள்ளிப் பார்த்தேன். அவள் விழிக்கவில்லை. உறக்கமா, மரப்பா என்று தெரியாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

எட்டாம் நாள் ஜீவனஹள்ளியிலிருந்து ஃபிசியோதெரபிஸ்ட் பெண் வந்தார். விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். பிறகு மேசையில் இருந்த ஃபிளாஸ்க்கையும் பாட்டிலையும் பார்த்தார்.

"இதெல்லாம் யாரு இங்க வெக்கிறது?"

"நான்தான்" என்றேன்.

"லேப்டாப்ப கண்ணு மட்டத்துக்கு ஏத்தலாம், நல்ல சேர் வாங்கலாம், அதெல்லாம் அப்புறம். கை சரியாக டைம் ஆகும் அங்கிள், கேரண்டி நான் குடுக்க மாட்டேன்." தண்ணீர் பாட்டிலை எடுத்து என் கையில் தந்தார். "மொதல்ல இத கிச்சன்ல வைங்க. தாகம் எடுத்தா அவங்களே எழுந்து வரட்டும்."