முகத்துவாரத்தில் பெண் பார்த்தார்கள்

என்னைப் பெண் பார்க்க வந்தவர்களில் பஜ்ஜி வேண்டாம் என்று சொல்லி அனுப்பிய ஒரே மனிதர் அவர்தான். எழுபதுகளின் நடுவில், ஒரு பங்குனி மாதம். அடையாறில் குடியிருந்த கல்லூரி ஆசிரியர், பாடம் விலங்கியல். "ஆத்துக்கு வந்து, பொண்ணைப் பாடச் சொல்லிக் கேக்கறதெல்லாம் எனக்குப் பிடிக்காது. ஞாயித்துக்கிழமை கார்த்தால அடையாறு முகத்துவாரத்துக்கு வாங்கோ. வடக்கேர்ந்து வந்த பறவையெல்லாம் ஊருக்குக் கிளம்பற சமயம். பாத்துண்டே பேசலாம்" என்று தரகர் மாமாவிடம் சொல்லியிருந்தார். கூடவே ஒரு நிபந்தனை: பளிச்சென்று யாரும் உடுத்தக் கூடாது, பறவைகள் மிரண்டுவிடும்.

"பொண்ணு பாக்கற அன்னிக்கு மண்ணு கலர்ல புடவையா? நன்னாருக்கு!" என்று அம்மா குதித்தாள். கடைசியில் எனக்குக் கட்டிவிட்டது கிளிப்பச்சைப் பட்டு, அரக்கு பார்டர். "பச்சைதானே, செடின்னு நெனச்சுக்கட்டும்" என்றாள். தலை நிறைய மல்லிகை வேறு. பஜ்ஜி கூடாது என்று சொல்லிவிட்டதால் போண்டா போட்டாள்.

அதுவரை வந்தவர்களெல்லாம் நான் பாடி முடித்ததும் "ஊருக்குப் போய் எழுதறோம்" என்று எழுந்து போனவர்கள். என் குரல் அப்படி. பாட்டே வேண்டாம் என்ற இந்த மனிதரை முகத்தைப் பார்க்கும் முன்பே எனக்குப் பிடித்துப்போயிற்று. என்ன வெட்கம் இதில்? இவர்தான் வேண்டும் என்று இருந்தது. எப்படியாவது இது குதிர வேண்டுமே என்று பஸ் முழுக்க வேண்டிக்கொண்டே போனேன்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் மழை பிடித்துக்கொண்டது. பங்குனியில் சென்னையில் மழை பெய்யுமோ? எனக்கென்று பெய்தது. இன்று அந்தப் பக்கமெல்லாம் வேலி போட்டு, பலகை நட்டு, பறவைகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறார்கள். அன்று முள்புதரும் சேறும்தான். அப்பாவின் ஒற்றைக் குடைக்குள் மூன்று பேரும் முட்டி மோதிக்கொண்டு நடந்தோம். வலை வீசிக்கொண்டிருந்த ஒருவர் என் பட்டுப்புடவையைப் பார்த்துவிட்டு, "இன்னா சாமி, கல்யாணத்துக்குப் போய்க்கினு கீறீங்களா? மண்டபம் அந்தாண்ட கீது" என்று அக்கறையாக வழி சொன்னார்.

நாங்கள் தேடி வந்தவர் காக்கிச் சட்டையும் கழுத்தில் பைனாகுலருமாக ஒரு புதருக்குப் பின்னால் குந்தியிருந்தார். முழங்கால் வரை சேறு. அவருடைய அம்மா பக்கத்தில் ஒரு மரக்கட்டையில், 'எனக்குன்னு வந்து பொறந்துதே' என்கிற முகத்தோடு உட்கார்ந்திருந்தாள். எங்களைக் கண்டதும் பாவம், பழக்கதோஷம், "பொண்ணு ஒரு பாட்டு..." என்று ஆரம்பித்தாள்.

"உஷ்!" என்றார் அவர். அந்த ஒரு உஷ்ஷுக்கு அவருக்குக் கோயில் கட்டலாம்.

பிறகு எங்களுக்கு மெல்லிய குரலில் விளக்கினார். சேற்றுத் திட்டில் பொடிப்பொடியாக ஓடுகின்றனவே, அவை உள்ளான்கள். அந்தக் கூட்டத்தில் கரண்டி மூக்கு உள்ளான் ஒன்று இருப்பதாக அவருக்குச் சந்தேகம். இந்தப் பக்கம் வருவதே அபூர்வம். கல்லூரியில் ஒருத்தரும் நம்பவில்லை. கூட்டம் கிளம்புவதற்குள் மூக்கைச் சரியாகப் பார்த்துவிட வேண்டும்.

"கரண்டியா? எந்தக் கரண்டி?" என்றாள் அம்மா. அம்மாவின் ரகசியம் சாந்தோம் வரைக்கும் கேட்கும்.

என்னை அருகில் வரச் சொல்லிச் சைகை காட்டினார். செருப்பு ஒரு பக்கம், நான் ஒரு பக்கமாகப் போய்ச் சேர்ந்தேன். "அதோ, ஓரத்துல தனியா இருக்கே. மூக்கைச் சேத்துக்குள்ள விட்டுண்டிருக்கு. நிமிந்தா தெரிஞ்சுடும்" என்று கிசுகிசுத்தவர், சட்டென்று பைனாகுலரைக் கழற்றி என் கையில் கொடுத்தார். "நீங்க பாருங்கோ." பனிக்காலம் முழுக்க இதற்காகக் காத்துக்கிடந்த மனிதர்! எனக்குக் கண்ணில் ஜலம் வந்துவிட்டது. பைனாகுலரில் ஒரு மண்ணும் தெரியவில்லை.

அப்போது பார்த்து எங்கள் தலைக்கு மேலே வட்டமிட்டு வந்தது ஒரு கருடன். செம்மண் நிற இறக்கை, வெள்ளை வெளேரென்று கழுத்து.

"ஏன்னா, கருடன்! கருடன்!" என்று அம்மா அலறினாள். எங்கள் பக்கத்து மனிதர்களுக்குக் கருடனைக் கண்டால் கை தானாகவே எழும். அப்பா குடையைப் போட்டார். அம்மா போண்டாத் தூக்கைப் போட்டாள். அவருடைய அம்மா கட்டையிலிருந்து துள்ளி எழுந்தாள். "கிருஷ்ணா! கிருஷ்ணா!" என்று ஆளாளுக்குப் படபடவென்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நான் மட்டும் என்ன, லண்டனிலா பிறந்தேன்? நானும் போட்டுக்கொண்டேன். பைனாகுலர் சேற்றுக்குள் போயிற்று.

திட்டே எழுந்து பறந்த மாதிரி அத்தனை உள்ளான்களும் கிளம்பிக் கடல் பக்கமாகப் போய்விட்டன.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். "நிமிந்துதா? மூக்கைப் பாத்தேளா?" குழந்தை மாதிரி கேட்டார். அவர் முதுகுக்குப் பின்னால் அம்மா, 'பாத்தேன்னு சொல்லுடீ' என்று தலையை ஆட்டோ ஆட்டென்று ஆட்டினாள். எனக்கு வாயில் பொய் வரவில்லை.

"நான் கருடனைத்தான் பாத்தேன்" என்றேன்.

அவர் முகம் விழுந்துவிட்டது. போச்சு, எல்லாம் போச்சு என்று நான் நிற்க, அந்தப் பக்கம் அவருடைய அம்மா, "கருடனே வந்து சொல்லிட்டார் மாமி, இனிமே என்ன யோசனை? வைகாசியில வெச்சுக்கலாமா?" என்கிறாள். "வைகாசி பேஷா வெச்சுக்கலாம்" என்கிறாள் என் அம்மா. எனக்கு வந்ததே கோபம்!

"அவரைக் கேளுங்கோளேன் மொதல்ல!" என்று கத்தினேன்.

அவர் குனிந்து பைனாகுலரை எடுத்துச் சட்டை நுனியால் மெதுவாகத் துடைத்தார். "வேற யாராவதா இருந்தா, பாத்தேன்னு சொல்லிச் சமாதானம் பண்ணியிருப்பா. நானும் காலேஜ்ல போய்ச் சொல்லிண்டு திரிஞ்சிருப்பேன்" என்றார். கொஞ்சம் சிரித்தார். "எனக்குச் சம்மதம். உங்களுக்கு?"

அத்தனை பேர் வந்து பார்த்திருக்கிறார்கள். பாடச் சொன்னார்கள், சமைக்கத் தெரியுமா என்றார்கள், கூந்தல் நிஜமா என்று இழுத்துக்கூடப் பார்த்தார்கள். உனக்கு எப்படி என்று ஒரு பிராணி என்னைக் கேட்டதில்லை. சொன்னேன், மழைச் சத்தத்தில் அவருக்கு விழவில்லை. "என்ன?" என்று காதைக் கொடுத்தார்.

"சம்மதம்!" என்று என் குரலில் இருந்த மட்டும் கூவினேன். அக்கரையில் மிச்சமிருந்த கொக்குகளும் எழும்பிப் பறந்துபோயின.