ரோஸ் ஏறிய நெல்லிச்சாறு

இரும்புலியூர் தபீதாள் குரோம்பேட்டையில் உள்ள அந்தச் சோதனைக்கூடத்தில் முதலில் சேர்ந்தது குடுவை கழுவத்தான். வேலைக்கு வந்துகொண்டே மாலைக் கல்லூரியில் வேதியியல் படித்து முடித்தார். இப்போது நாற்பத்து மூன்று வயது. அறிக்கைகளில் முதல் கையெழுத்து அவருடையது. அதை எதில் போடமாட்டார் என்பதில்தான் அவருக்கும் முதலாளி கிரீஷுக்கும் ஓயாத சண்டை.

போன மாதம் ஹரிபிரசாத் என்பவர் தன் நெல்லிச்சாற்றைக் கொடுத்தார். லேபிளில் ‘ஆன்டி-ஆக்ஸிடன்ட்’ என்று போட அறிக்கை வேண்டுமாம்.

சோதனை இதுதான்: இரும்பு உப்பும் பெராக்சைடும் சேர்ந்தால் ஃப்ரீ ராடிக்கல் என்னும் முரட்டு மூலக்கூறுகள் பிறக்கும். அவை குழாயில் இருக்கும் சர்க்கரையைச் சிதைக்கும். எவ்வளவு சிதைந்ததோ அவ்வளவு ரோஸ் நிறம் கடைசியில் தெரியும். ஆன்டி-ஆக்ஸிடன்ட் உள்ள சாறு அவற்றை மடக்கிவிடும், நிறம் வெளிறும். இந்தச் சாறு விட்டதும் ரோஸ் கூடியது.

கிரீஷுக்கு முகம் மாறியது. “இரும்பே போடாம ஒரு தடவை பண்ணுங்க. கலர் வராது. அந்த நம்பரைக் கொடுத்துடலாம்.”

“அதுக்குப் பேரு டெஸ்ட்டா சார்?”

“பண்ணுங்க, சொல்றேன்.”

பண்ணினார். அப்போதும் ரோஸ். சாறு விடாத குழாய் மட்டும் தண்ணீர் போல நின்றது.

“இன்னா சார் இது? நாம போடாத இரும்பு எங்கேர்ந்து வந்துச்சு? அவர் சாறுலயே கீது!”

கடையில் நெல்லிக்காய் வாங்கிவந்து, கண்ணாடிப் பாத்திரத்தில் நசுக்கி, அதையும் இரும்பு போடாமல் சோதித்தார். நிறம் ஏறவில்லை. ஹரிபிரசாத்தை வரவழைத்தார்கள்.

“எதுல காய்ச்சறீங்க?” என்றார் தபீதாள்.

“இரும்புக் கடாய்லக்கா. இரும்புச்சத்தும் சேரும்ல? அதான் எங்க ஸ்பெஷல்.”

“அந்த ஸ்பெஷல்தான் பேஜார். புளிப்பு கடாயை அரிக்குது. எறங்குன இரும்பை விட்டமின் சி திரும்பத் திரும்ப உசுப்பிவிடுது, ஃப்ரீ ராடிக்கல் பெருகுது.”

கிரீஷ் குறுக்கிட்டார். “இரும்பே தேவைப்படாத வேற டெஸ்ட் இருக்கு ஹரி. அதுல பாஸாயிடும்.”

“தாராளமா எழுதுங்க சார். பக்கத்துல இதையும் எழுதணும். இல்லேன்னா என் கையெழுத்து கெடையாது.”

“நீங்க இல்லாம லேப் நடக்காதா?”

“நடக்கும். என்னை வெச்சுகினு பொய் நடக்காது.”

“லேபிள் பிரிண்டுக்குப் போயிடுச்சுக்கா,” என்றார் ஹரிபிரசாத்.

“நிறுத்தச் சொல்லுங்க. இல்ல, வேற லேப்புக்குப் போங்க. கடாய் கதையை அங்கேயும் சொல்லுங்க.” உள்ளது உள்ளபடி எழுதி, கையெழுத்திட்டு, ஹரிபிரசாத் கையிலேயே கொடுத்தார்.

மறுவாரம் ஹரிபிரசாத் புதுப் பாட்டிலோடு படியேறி வந்து கிரீஷிடம் நீட்டினார். “எவர்சில்வர் அண்டாவுல காய்ச்சினது. அந்த அக்காவே பண்ணட்டும் சார்.” தபீதாள் பக்கம் திரும்பினார். “ இது பாஸாயிடும்லக்கா?”

“வெச்சுட்டுப் போங்க,” என்றார் தபீதாள். “பார்க்காம சொல்ல மாட்டேன்.”