இன்னும் ஒரு நிமிடத்தில் மூடிக்கொள்ளும்

அத்தானை மன்னித்துவிட்டாயா என்று அக்கா இப்போதும் இடைக்கிடை கேட்பாள். இல்லை. மன்னிக்கிற உத்தேசமும் இல்லை.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். அக்கா கல்யாணம் முடித்ததும் வவுணதீவில் நாங்கள் பிறந்து வளர்ந்த வீடு அவளுக்குச் சீதனமாகப் போனது. அத்தான் அந்த வீட்டுக்கு வந்தார். பக்கத்து வளவில் எனக்கென்று அப்பா தொடங்கிய வீடு, அவர் போன பிறகு அத்திவாரத்தோடு நிற்கிறது. அதனால் நானும் அம்மாவும் அக்காவோடுதான். நான் கெம்பஸ் போன காலத்தில் அப்பா எனக்கு வாங்கித் தந்த கம்பியூட்டர் அந்த வீட்டு ஹோலில் இருந்தது. அதுவும் சீதனத்தில் சேர்த்தி என்று அத்தான் தானாகவே முடிவுசெய்துகொண்டார். வயலால் வந்து குளித்துவிட்டு அதில் படம் பார்ப்பார்.

பட்டம் முடித்து வேலைக்குக் காத்திருந்த நாட்களில் வடக்கே தூரத்தில் இருக்கும் கதிரவெளிப் பிள்ளைகள் சிலருக்கு அந்தக் கம்பியூட்டர் வழியாகக் கணிதம் படிப்பித்தேன். அவர்களுடைய பள்ளிக்கூடத்தில் கணிதத்துக்கு ஆள் இல்லை. பிள்ளைகள் ஒரு வீட்டில் கூடி, ஒரே போனைச் சுற்றி இருந்து படிப்பார்கள். என்னை முதன்முதலில் 'மிஸ்' என்று கூப்பிட்டவர்கள் அவர்கள்தான். அந்த வகுப்பைத் தவிர என்னுடையது என்று சொல்ல அந்த வீட்டில் எனக்கு வேறொன்றும் இருக்கவில்லை.

பிறகுதான் பிழை வரத் தொடங்கியது. சமன்பாட்டை எழுதிப் பாதி வந்திருப்பேன். திரையில் நீலப் பெட்டி ஒன்று குதிக்கும். உள்ளே ஓடும் ஏதோ ஒன்று நின்றுவிட்டதாம், இன்னும் ஒரு நிமிடத்தில் கணினி மூடிக்கொள்ளுமாம். அந்த ஒரு நிமிடத்தில் என்ன சொல்வது? "பிள்ளையள், கொஞ்சம் இருங்க, வாறன்" என்பேன். திரும்பி வருவதற்குள் பாதிப் பேர் எழும்பிப் போயிருப்பார்கள்.

நான் செய்யாத வைத்தியம் இல்லை. வைரஸ் தேடினேன். மூடியைக் கழற்றி விசிறியில் இருந்த தூசியையும் ஒரு பல்லி முட்டையையும் எடுத்தேன். கம்பியூட்டரை மடியில் வைத்துக்கொண்டு ஓட்டோவில் வலையிறவுப் பாலம் கடந்து டவுனுக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட்டுத் தந்தார். சில நாள் ஒழுங்காக ஓடியது. மறுபடியும் அதே நீலப் பெட்டி. அம்மா செத்தல் மிளகாயும் உப்பும் எடுத்து அதற்கு நாவூறு கழித்தாள். மிளகாய்ப் புகையில் எனக்குத்தான் இருமல் வந்தது.

அத்தானுக்கு இது பெரிய பகிடி. "ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் எண்டாளாம்" என்று அக்காவிடம் சொல்லிச் சிரிப்பார். ஒருநாள் வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே எனக்குப் பின்னால் வந்து நின்றார். "இந்தப் புள்ளைக்குக் கம்பியூட்டர ஒழுங்காத் திறக்கத் தெரியா. இவ கணக்குப் படிப்பிக்கிறாவாம்!" அது கதிரவெளி வரைக்கும் கேட்டது. பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குக் கோபம் உச்சியில் ஏறியது. பொறுத்தார் பூமி ஆள்வார் என்று அம்மா சொன்னாள். எனக்குப் பூமி வேண்டாம், ஒரு மணித்தியாலம் வகுப்பு நடந்தால் போதும் என்றேன்.

வகுப்பில் ஒருத்தி மட்டும் எப்போதும் காத்திருப்பாள். "மிஸ், நான் இருக்கன், வாறீங்களா?" என்று போனில் குரல் பதிவு அனுப்புவாள். கடைசியில் ஒருநாள், "மிஸ், இவங்க வேற வகுப்புக்குப் போறாங்களாம். போனும் இவங்கடதான்" என்று அனுப்பினாள். அதற்குப் பிறகு அவளிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

அந்தக் கிழமையே சந்தைக்குப் புறப்பட்ட நான் பஸ்ஸைத் தவறவிட்டுத் திரும்பி வந்தேன். அத்தான் சாரத்தோடு கம்பியூட்டருக்கு முன்னால் குந்தியிருந்தார். உள்ளே என்னென்ன ஓடுகிறது என்று காட்டும் பட்டியலைத் திறந்து வைத்து, ஒவ்வொரு பெயராக வாசித்து மூடிக்கொண்டிருந்தார். "இது ஆரு? தெரியா. போ வெளியில."

"என்ன அத்தான் செய்யிறீங்க?" என்றேன். குரலை மெதுவாக வைத்திருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

"களை பிடுங்கிறன் புள்ள. எத்தின பேர் உள்ளுக்குச் சும்மா நிண்டு தின்னுறானுகள், பாரு! அதான் படம் இழுத்து இழுத்து ஓடுது. வயல் வட்டைக்குள்ள பேர் தெரியாதது நிண்டா பிடுங்கத்தானே வேணும்? மறுகா முளைக்காம வேரையும் அறுத்து விட்டிருக்கன்."

வேரை அறுத்தது உண்மை. கணினி திறக்கும்போதே எழும்ப வேண்டியவற்றில் பலதை அவர் எழும்பவிடாமல் செய்திருந்தார். வகுப்பு நடுவில் நீலப் பெட்டி குதித்தது அதனால்தான். கடையில் புதிதாகப் போட்டு வந்த பிறகும் உட்கார்ந்து அதையேதான் செய்திருக்கிறார். பழி என் தலையில்.

அன்றிரவே எல்லாவற்றையும் சரிசெய்து, அத்தானால் படம் மட்டும் பார்க்க முடியும்படி பூட்டினேன். அது மட்டும் எனக்குக் காணாது.

வயலில் களை எடுக்கும் நாள் வந்தது. வேலையாட்களுக்குச் சோறு கொண்டுபோகிறேன் என்று நானே கேட்டு வாங்கிப் போனேன். சோற்றை வாடிக் குடிசையில் வைத்துவிட்டு, பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வரம்பிலிருந்து இறங்கினேன். அத்தான் பார்க்கும் இடமாகப் பார்த்து நின்று, செழித்து நின்ற நெல்லில் ஒரு பிடியை வேரோடு பிடுங்கினேன்.

"ஐயோ புள்ள, அது நெல்லு! நெல்லு!" சேற்றில் விழுந்தெழும்பி ஓடி வந்தார்.

"எனக்கு இதுட பேர் தெரியா அத்தான். சும்மா நிண்டு தின்னுற ஆள் எண்டு நினைச்சன்."

களை எடுத்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். என்ன நடந்தது என்று அவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி, ஒன்றும் விடாமல் சொன்னேன். சிரிப்பு வரம்புக்கு வரம்பு போனது. அத்தானின் முகம் செத்துப்போயிற்று. அதைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமே இல்லை.

"பச்சைப் பயிர். வயிறு எரியல்லியா உனக்கு?" என்று மட்டும் கேட்டார். என் கையில் இருந்ததை வாங்கி, குனிந்து, பிடுங்கிய இடத்திலேயே திரும்ப ஊன்றினார். எனக்கு வயிறு எரியவில்லை.

இப்போது கம்பியூட்டர் ஒழுங்காக ஓடுகிறது. செங்கலடிப் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் படிக்கிறார்கள். அத்தான் ஊன்றிய அந்த ஒரு பிடி நெல் பிடித்துக்கொண்டது, கதிரும் தள்ளியது. அதை அறுத்த அன்று எனக்குக் கொண்டுவந்து காட்டி, "பாத்தியா, ஒண்டும் ஆகல்ல" என்றார். கதிரவெளிப் போனுக்கு நான் எத்தனையோ தடவை குரல் அனுப்பிப் பார்த்துவிட்டேன். எனக்காகக் காத்திருந்த அந்தப் பிள்ளை எங்கே, யாரிடம் படிக்கிறாள் என்று சொல்ல அங்கே ஒருவரும் இல்லை.