திருப்பித் தைத்த பை

மூத்தவளே, இதை உன் தம்பிக்கும் படித்துக் காட்டு. போன வாரம் சிநேகிதியின் பிறந்தநாளுக்காகக் கைக்குட்டையில் பூ தைத்துக்கொண்டிருந்தாய். ஊசி குத்தியதும், "அப்பா, இந்தக் கஷ்டமெல்லாம் உங்களுக்கு எங்கே தெரியப்போகிறது" என்றாய். கொஞ்சம் தெரியும். பத்து வயதில் நானும் ஒரு சிநேகிதனுக்காகத் தைத்திருக்கிறேன்.

அப்போது நாங்கள் திருவனந்தபுரத்தில், வலியசாலையில் இருந்தோம். சிநேகிதன் வீடு அதே தெருவில் எதிர்ச்சாரியில். இருவரும் ஒரே வகுப்பு. அந்த வருஷம் மாசியில் அவனுடைய அப்பா காலமானார். ஆடி பிறந்து மழை பிடித்துக்கொண்டது. அவன் புஸ்தகங்களைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு பள்ளிக்கூடம் வருவான். வெளியே எடுத்ததும் ஈரத் தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்து ஊதுவான்.

"ஆடி உத்திரம் வரதே, உனக்கு என்ன வாங்கித் தரப்போறா?" என்று கேட்டேன். எங்கள் பக்கத்தில் பிறந்தநாள் என்பது நட்சத்திரக் கணக்கு. அன்றைக்குப் புதுத் துணியும் பாயசமும் உண்டு.

"இந்த வருஷம் ஒண்ணும் கிடையாதாம். அம்மா சொல்லிட்டா."

அப்பா இல்லாத வீடு, வாங்கித்தர முடியவில்லை போலும் என்று நானாக முடிவுகட்டினேன். அவனுக்கு ஒரு புஸ்தகப் பை தைத்துக் கொடுப்பது என்றும், அது கடையில் வாங்கியதுபோல் இருக்கவேண்டும் என்றும் தீர்மானித்தேன்.

துணிக்கு என் அப்பாவின் கிழிந்த கோட்டு கிடைத்தது. ஆபீசுக்குப் போட்டுப் போட்டு முதுகெல்லாம் வெளுத்திருந்தது. என் அக்கா பள்ளிக்கூடத்தில் தையல் படித்தவள். வெளுத்த பக்கம் உள்ளே போகும்படி துணியைத் திருப்பித் தைத்தால் புதுசு மாதிரி இருக்கும் என்று அவள்தான் சொன்னாள். வெட்டிக் கொடுத்ததோடு அவள் வேலை தீர்ந்தது. தைத்தது நான்.

"நன்னாயிருக்குடா," என்று முதல் தையலைப் பார்த்துச் சிரித்தாள். "இதுல புஸ்தகத்தை வெச்சா, போற வழியெல்லாம் விதைச்சுண்டே போகலாமாக்கும்."

பிரித்துவிட்டு மறுபடியும் தைத்தேன். முடிந்தபோது பை நல்ல பழுப்பு நிறத்தில், யார் பார்த்தாலும் புதுசு என்று சொல்லும்படி இருந்தது.

உத்திரத்தன்று காலையில் எடுத்துக்கொண்டு போனேன். நாகர்கோவிலிலிருந்து வந்திருந்த அவனுடைய அத்தை வாசற்படியில் நின்றாள்.

"என்னடா அது?"

"பை. இவனுக்கு இன்னிக்குப் பிறந்தநாளாச்சே."

அத்தை கை நீட்டவில்லை. "நன்னாச் சொன்னே போ! தலைத் திவசம் கழியாத வீடுடா இது. புதுத் துணியைத் தூக்கிண்டு வந்துட்டான். உங்காத்துல யாரும் சொல்லித் தரலையோ? எடுத்துண்டு போ."

ஒருவர் காலமான வீட்டில் தலைத் திவசம் என்கிற முதல் வருஷத் திதி கழியும்வரை பண்டிகை இல்லை, பிறந்தநாள் இல்லை, புதுத் துணி படி தாண்டாது. எனக்கு அது தெரியாது. சிநேகிதன் அத்தைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பையின் வாரைத் தொட்டான். அவள் அவன் கையைத் தட்டிவிட்டாள்.

அப்போது அவனுடைய அம்மாவின் குரல் உள்ளேயிருந்து வந்தது. கணவரை இழந்தவர்களுக்கான அந்தக் கால வழக்கப்படி மாமி அந்த வருஷமெல்லாம் வாசல் பக்கம் வராமல் அறைக்குள்ளேயே இருந்தாள்.

"ஏண்டா குழந்தே, அது புதுத் துணியா?"

நான் பையின் வாரை விரலில் சுற்றினேன்.

"உன்னைத்தான் கேக்கறேன். கடையில எடுத்ததா?"

"இல்லை மாமி. அப்பாவோட பழைய கோட்டு."

"காதுல விழலை. உரக்கச் சொல்லு."

எதிர்வீட்டு மாமா பால் செம்போடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் காது சுட்டது. "பழைய கோட்டு!" என்று கத்தினேன்.

"பழசா? சாயம்கூடப் போகலையேடா," என்றாள் அத்தை.

"உள்பக்கத்தைத் திருப்பிக் காட்டு," என்றது உள்ளேயிருந்த குரல்.

திருப்பினேன். வெளுத்த முதுகு, அப்பாவின் வேர்வைக் கறை, என்னுடைய கோணல் தையல் எல்லாம் தெரு பார்க்க வெளியே வந்தன. அத்தை குனிந்து பார்த்தாள்.

"கண்றாவி. சரி, பழசுன்னா தோஷமில்லை. அவன்கிட்டக் குடு."

சிநேகிதன் அதை அப்படியே, வெளுத்த பக்கம் தெரியத் தோளில் மாட்டிக்கொண்டான்.

"மாட்டிண்டானா?" என்றாள் மாமி.

"மாட்டிண்டாச்சு, மாட்டிண்டாச்சு."



மாமி தெரு கேட்க என்னை அவமானப்படுத்திவிட்டாள் என்றே நினைத்தேன். அவள் கேட்டதெல்லாம் அத்தையின் காதில் விழவேண்டிய பதிலுக்காக என்பது விளங்க எனக்கு வெகுகாலம் ஆயிற்று. அந்த வயதில் என் புத்திக்கு எட்டியது, அந்த வீட்டில் பழசுதான் செல்லும் என்பது மட்டுமே.

தீபாவளிக்கு எனக்குப் புதுச் சட்டை வந்தது. குளித்துப் போட்டுக்கொண்டு அவன் வீட்டுக்குக் கிளம்பினேன். வாசலைத் தாண்டியவன், நின்று, கொல்லைப்பக்கம் போனேன். கிணற்றடியில் யாரும் இல்லை. சட்டையைக் கழற்றித் தொட்டித் தண்ணீரில் முக்கி, துவைக்கிற கல்லில் நாலு அறை அறைந்து பிழிந்தேன். ஈரத்தோடு அதையே போட்டுக்கொண்டு போனேன்.